உப்புக்காற்றில் வெல்டிங் கற்பது

கருக்களாச்சேரியில் இரும்புக்கு ஆயுள் குறைவு. காரைக்கால் மாவட்டத்தின் மீனவக் கிராமங்களில் ஒன்றான இந்த ஊரில், கடலைப் பார்த்த ஜன்னல் கம்பியை விரலால் தடவிப் பாருங்கள். வெயில் காயும் மாதத்திலும் ஒரு பிசுபிசுப்பு ஒட்டும். பெயிண்ட் உப்பி, உப்பிய இடம் உதிர்ந்து, உள்ளே செந்நிறத் துரு தெரியும். கேட்டின் கீல், மோட்டார் ஸ்டாண்டின் கால், தகரக் கூரையைத் தாங்கும் பைப் என்று எதை எடுத்தாலும் முதலில் அரிப்பது இரண்டு இரும்பு சேரும் மூலையில்தான்.

இதற்குக் காரணம் கடல்நீரின் வேதியியலில் இருக்கிறது. கடல் உப்பு என்றால் நமக்குச் சோறு சமைக்கும் சோடியம் குளோரைடுதான் நினைவுக்கு வரும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் அது நீரை உறிஞ்சித் தானாகக் கரையும். ஆனால் அலை உடையும்போது காற்றில் ஏறும் நுண்துளியில் மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. அதற்குச் சுமார் 33 சதவீத ஈரப்பதமே போதும். காவிரி டெல்டா கடற்கரையில் காற்று அந்த அளவுக்கு உலர்ந்துபோகும் பொழுது வாய்ப்பது அரிது. ஆகவே கடலோரத்து இரும்பின் மேல், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உப்புநீர்ப் படலம் இரவும் பகலும் இருந்துகொண்டே இருக்கிறது. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை அந்தப் படலத்தைத் தடிமனாக்குகிறது, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஊரில் சின்னச் சின்ன இரும்பு வேலை ஓயாது. ஒரு கீலுக்காக, ஒரு கொக்கிக்காகப் பட்டறைக்காரரை வரச் சொன்னால் அவருக்கும் கட்டுப்படியாகாது, நமக்கும் கட்டுப்படியாகாது. இன்று நடுத்தரமான ஒரு கைப்பேசியின் விலைக்குள் சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் கிடைத்துவிடுகிறது. நாமே கற்றுக்கொண்டால் என்ன என்ற எண்ணம் பலருக்கு வருவது இதனால்தான். நல்ல எண்ணம். அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். நெருப்பைப் பற்றி, ஆம்பியரைப் பற்றிச் சொல்லித்தர ஆள் உண்டு. ஈரத்தைப் பற்றிச் சொல்கிறவர்கள் குறைவு. கடலோரத்தில் வெல்டிங்கைக் கெடுப்பது பெரும்பாலும் ஈரம்தான். வெல்டிங் ராடில், துருவில், தோலில், கடைசியில் வெல்டு வைத்த இடத்தில் என்று அது ஒவ்வொரு கட்டத்திலும் வந்து நிற்கும்.

முதலில் மெஷின். முன்பெல்லாம் பட்டறை மூலையில் ஒரு டிரான்ஸ்பார்மர் உட்கார்ந்திருக்கும். செம்புக் கம்பியும் இரும்புத் தகடும் எண்ணெயுமாக, இரண்டு பேர் சேர்ந்தால்தான் நகரும். வீட்டுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி என்ற மெதுவான கதியில் ஊசலாடுவது. அந்தக் கதியில் வேலை செய்யும் டிரான்ஸ்பார்மருக்குப் பெரிய இரும்பு உள்ளகம் வேண்டும். இன்வெர்ட்டர் மெஷின் வேறு வழியில் போகிறது. வந்த மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்குகிறது. பிறகு ஐ.ஜி.பி.டி. எனப்படும் குறைக்கடத்திச் சுவிட்சுகளால் அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, ஒரு குட்டி டிரான்ஸ்பார்மருக்குள் அனுப்புகிறது. ஊசலாட்டத்தின் வேகம் கூடக் கூட அதே ஆற்றலைக் கடத்தச் சிறிய உள்ளகமே போதும். வெளியே வருவதை மறுபடி நேர்மின்சாரமாக்கினால் வேலை முடிந்தது. அதனால்தான் ஐந்தாறு கிலோ எடையில், தோளில் மாட்டிக்கொண்டு போகிற மாதிரி மெஷின் வந்திருக்கிறது.

பெட்டியில் 200 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பார்கள். தொடக்கநிலைக்காரருக்கு அந்த எண் தேவைப்படாது. 2.5 மில்லிமீட்டர் ராடுக்கு, அதாவது கடையில் 12 கேஜ் என்று கேட்டு வாங்குவதற்கு, 60 முதல் 90 ஆம்பியர் போதும். 80 ஆம்பியரில் வெல்டு வைக்கும்போது ராடு முனைக்கும் இரும்புக்கும் இடையே இருப்பது சுமார் 23 வோல்ட். பெருக்கினால் 1,840 வாட். மெஷினுக்குள் ஏற்படும் இழப்புகளையும் சேர்த்தால் வீட்டு இணைப்பிலிருந்து 12 முதல் 15 ஆம்பியர் வரை இழுக்கும். 16 ஆம்பியர் பிளக் தாங்கும். கையிலிருக்கும் மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் தாங்காது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்குக் குறைந்து எதையும் போடாதீர்கள். பெட்டியின் பின்புறத் தகட்டில் ‘டியூட்டி சைக்கிள்’ என்று ஒரு சதவீதம் இருக்கும். 60 சதவீதம் என்றால் அந்த ஆம்பியரில் பத்து நிமிடத்துக்கு 6 நிமிடம் ஓட்டலாம், 4 நிமிடம் ஆறவிட வேண்டும். இன்னொன்று: மெஷினைக் குளிரவைக்கும் விசிறி, கடற்கரைக் காற்றை நேராகச் சர்க்யூட் பலகையின் மேல் இழுத்து விடுகிறது. உப்பு அங்கேயும் தன் வேலையைக் காட்டும். வேலை முடிந்ததும் மெஷினை மூடிய பெட்டியில், வீட்டுக்குள், தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள்.

இனி அந்த வெளிச்சம். ராடு முனை இரும்பில் பட்டதும் மின்சாரம் ஒரு சின்னப் புள்ளி வழியாகப் பாய்ந்து அதைச் சூடாக்குகிறது. உடனே ராடை லேசாகத் தூக்கினால், சூடான முனையிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிப்பட்டு இடைவெளியில் உள்ள வாயுவை அயனியாக்குகின்றன. காற்று சாதாரணமாக மின்சாரத்தைக் கடத்தாது. அயனியான வாயு கடத்தும். அதுதான் மின்வில், பட்டறையில் ஆர்க் என்பது. அதன் நடுப்பகுதி 6,000 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போகும். சூரியனின் மேற்பரப்பே சுமார் 5,500 டிகிரிதான். சாதாரண இரும்பு உருக 1,500 டிகிரி போதும் என்பதால், அந்தச் சில மில்லிமீட்டர் வட்டத்துக்குள் இரும்பு நொடியில் குழம்பாகிவிடுகிறது.

இந்த வில்லை அணையாமல் நிறுத்துவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பழைய டிரான்ஸ்பார்மரில் மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டு மீளும். ஒவ்வொரு முறையும் வில் அணையப் பார்க்கும். ராடின் மேல் பூசிய மருந்தில் பொட்டாசியம் சேர்த்தால் அணையாது. நைட்ரஜனிலிருந்தோ ஆக்சிஜனிலிருந்தோ ஓர் எலக்ட்ரானைப் பிரிக்கத் தேவைப்படும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவே பொட்டாசியத்துக்கு வேண்டும். அதனால் வாயு எளிதில் மறுபடி கடத்தத் தொடங்கிவிடும். 6013 என்ற எண்ணில் வரும் ராடைத் தொடக்கநிலைக்காரர்களுக்குப் பரிந்துரைப்பதற்கு இது ஒரு காரணம். அந்த எண்ணில் 60 என்பது வெல்டின் இழுவலிமை, சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. அடுத்த 1, எந்த நிலையிலும், தலைக்கு மேலும்கூட வைக்கலாம் என்பதைச் சொல்கிறது. கடைசி எண் பூச்சின் வகை.

பூச்சைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரஷ்யாவைச் சேர்ந்த நிக்கோலாய் பெனார்தோஸ் 1881-இல் கரிக்கோலை வைத்து மின்வில்லால் உலோகங்களை இணைத்துக் காட்டினார். 1888-இல் நிக்கோலாய் ஸ்லாவியானவ் கரிக்குப் பதில் உலோகக் கம்பியையே மின்முனையாக்கினார். கம்பி தானும் உருகி இணைப்பை நிரப்பியது. ஆனால் வெற்றுக் கம்பியால் வைத்த வெல்டு நொறுங்கும். உருகிய இரும்பு காற்றிலிருந்து ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் குடித்துவிடுவதே காரணம். ஸ்வீடனைச் சேர்ந்த ஆஸ்கர் ஷெல்பெரி கம்பிக்கு மேல் தாதுப் பூச்சு பூசி அதைத் தீர்த்தார். அவர் 1904-இல் தொடங்கிய ஈசாப் நிறுவனத்தின் இந்தியக் கிளைக்கு அலுவலகம் சென்னை அம்பத்தூரில் இருக்கிறது. பூச்சு எரியும்போது எழும் வாயு, குழம்பைச் சுற்றிக் காற்றை விலக்குகிறது. பூச்சின் தாதுக்கள் உருகி, பாலின் மேல் ஏடு படிவதுபோல் இரும்பின் மேல் கசடாகப் படிந்து, அது மெதுவாக ஆற உதவுகிறது.

6013 பூச்சின் முக்கியப் பொருள் ரூட்டைல் என்னும் டைட்டானியம் டை ஆக்சைடு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் ஐ.ஆர்.இ.எல். என்ற அரசு நிறுவனம் கடற்கரை மணலைப் பிரித்து எடுக்கும் தாதுக்களில் அதுவும் ஒன்று. வெல்டிங் ராடு பூச்சு அந்த ரூட்டைலின் முக்கியப் பயன்களில் ஒன்று. கடல் கொண்டுவந்து ஒதுக்கும் தாதுவே, கடல் அரித்த இரும்பைச் சரிசெய்யவும் பயன்படுகிறது.

கையில் எடுத்தவுடன் எல்லாருக்கும் நடப்பது, ராடு ஒட்டிக்கொள்வது. பதறாமல் மணிக்கட்டை ஒரு பக்கமாகத் திருகினால் விடும். விடாவிட்டால் ஹோல்டரைத் திறந்து ராடை விட்டுவிடலாம். உரசி, உடனே ராடின் தடிப்பு அளவுக்குத் தூக்கி, அதே இடைவெளியில் வைத்திருக்க வேண்டும். ராடு உருகிக் குறைந்துகொண்டே போவதால் கை கீழேயும் வர வேண்டும், பக்கவாட்டிலும் நகர வேண்டும். இந்த இரண்டு அசைவையும் சேர்த்துப் பழகுவதே முதல் வாரத்து வேலை. இடைவெளி கூடினால் வில் உறுமும், பொறி சிதறும். சரியாக இருந்தால் ஒரே சீரான சடசடப்பு கேட்கும். காது கொடுத்துக் கேளுங்கள், கை தானாகத் திருந்தும்.

கண் எங்கே பார்க்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். முகமூடிக் கண்ணாடி வழியே பார்க்கும்போது முதலில் தெரிவது ராடு முனையின் வெள்ளை வெளிச்சம். புதியவர் அதிலேயே கண்ணை வைத்திருப்பார். அதற்குப் பின்னால், ராடு கடந்து வந்த பக்கத்தில், ஈரமாக மின்னும் ஒரு சின்ன நீள்வட்டம் இருக்கும். அதுதான் இரும்புக் குழம்பு. அதற்கும் பின்னால் மங்கிய சிவப்பில் கசடு மூடிக்கொண்டு வரும். குழம்புக்கும் கசடுக்கும் நடுவே உள்ள கோட்டைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வெல்டிங் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ராடை மெதுவாக நகர்த்தினால் அந்தக் கோடு முன்னேறி வந்து குழம்பின் மேல் ஏறும், கசடு உள்ளே மாட்டிக்கொள்ளும். வேகமாக ஓட்டினால் குழம்பின் வால் கூர்மையாகி, கோடு மெலிந்து, ஓரங்களில் இரும்பு பிடிக்காமல் போகும். வட்டமான வால் சரியான வேகத்தின் அடையாளம். குழம்பு இரண்டு துண்டையும் சமமாக நனைக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் மேலே அழகாகத் தெரியும், சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினால் பிரிந்துவிடும்.

பழகுவதற்குக் கதவும் கேட்டும் வேண்டாம். 5 மில்லிமீட்டர் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) பட்டா வெட்டுத்துண்டுகள் பட்டறையில் எடைக்குக் கிடைக்கும். மெல்லிய ஸ்கொயர் பைப்பில் தொடங்குகிறவர்கள் ஓட்டை போட்டு ஓட்டை போட்டே மனம் விட்டுவிடுகிறார்கள். தடித்த இரும்பு மன்னிக்கும்.

இப்போது ஈரத்துக்கு வருகிறேன். ராடு பாக்கெட்டைக் கிழித்து அப்படியே போட்டுவைத்தால் பூச்சு காற்றிலிருந்து நீரை உறிஞ்சும். மின்வில்லின் சூட்டில் அந்த நீர் பிரிந்து ஹைட்ரஜன் விடுபடும். உருகிய இரும்பு ஹைட்ரஜனை நிறையக் கரைத்துக்கொள்ளும். உறைந்த இரும்பில் அதற்கு அவ்வளவு இடம் கிடையாது. வெளியேறப் பார்த்து, வழி கிடைக்காமல் குமிழாக மாட்டிக்கொண்டால் வெல்டில் ஊசித் துளைகள் விழும். துருவும் இதே வேலையைச் செய்யும். துரு என்பது நீரைப் பிடித்து வைத்திருக்கும் இரும்பு ஆக்சைடு. துருவின் மேல் வெல்டு வைப்பதும் நனைந்த இரும்பில் வெல்டு வைப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். கருக்களாச்சேரியில் அந்தத் துருவுக்குள் உப்பும் இருக்கும். கிரைண்டரைப் போட்டு, இரண்டு பக்கமும் ஓர் அங்குலத்துக்கு வெள்ளி நிறம் தெரியும்வரை தேய்க்காமல் ராடைத் தொடக் கூடாது. புதியவர்கள் வெல்டிங் பழகும் நேரத்தைவிட அதிக நேரம் கிரைண்டரோடு கழித்தால் அவர்கள் சரியான வழியில் இருக்கிறார்கள் என்பது என் கருத்து.

ஹைட்ரஜனின் இன்னொரு முகம் ஆபத்தானது. சாதாரண எம்.எஸ். இரும்பில் கார்பன் குறைவு. ஆறும்போது அது மென்மையாகவே இருக்கும். லாரியின் வில் பட்டை, படகு மோட்டாரின் ஷாஃப்ட் போன்றவை கார்பனோ வேறு கலப்போ கூடிய எஃகு. வெல்டின் ஓரத்தில் சூடாகி வேகமாக ஆறும் பகுதி கண்ணாடி அளவுக்கு இறுகிப்போகும். அந்த இறுகிய பகுதிக்குள் நுழைந்த ஹைட்ரஜன் அணுக்கள், ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட அதைப் பிளக்கும். வைத்த அன்று நன்றாக இருக்கும், கடலில் போய் உடையும். அத்தகைய எஃகுக்கு 7018 என்ற குறைந்த ஹைட்ரஜன் ராடு உண்டு. 300 டிகிரிக்கு மேல் சூட்டடுப்பில் வறுத்து, சூடு குறையாத பெட்டியில் வைத்து எடுத்துத்தான் அதைப் பயன்படுத்துவார்கள். பொழுதுபோக்காகக் கற்கிறவர் ஷாஃப்ட்டில் கை வைக்கக் கூடாது. 6013-க்கு அவ்வளவு கவனிப்பு வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தாலே போதும். பூச்சின் மேல் வெண்பூ பூத்திருந்தாலோ, உள்கம்பியின் நுனி துருவேறியிருந்தாலோ அந்த ராடைப் பழகுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மிக் வெல்டிங் சுலபம், அதை வாங்கு என்று சிலர் சொல்வார்கள். மூடிய பட்டறைக்குள் அது உண்மை. அதில் குழம்பைக் காப்பது சிலிண்டரிலிருந்து வரும் வாயு. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகக் காற்றே அந்த வாயுவை அடித்துக்கொண்டு போய்விடும். பிற்பகலில் கடற்காற்று எழும் ஊரில், திறந்த வாசலில் நின்று வேலை செய்கிறவருக்கு ராடு வெல்டிங்தான் ஏற்றது.

மின்சாரமே இல்லாமல் இரும்போடு இரும்பைச் சேர்த்தவர்கள் இதே காவிரிப் படுகையில் இருந்தார்கள். தஞ்சாவூர் கோட்டையின் கிழக்குப் பக்கம் பீரங்கி மேட்டில் கிடக்கும் ராஜகோபால பீரங்கி, 17-ஆம் நூற்றாண்டில் ரகுநாத நாயக்கர் காலத்தில் செய்ததாகச் சொல்லப்படுகிறது. நீளம் சுமார் ஏழரை மீட்டர், எடை 20 டன்னுக்கு மேல். அது வார்த்து எடுத்தது இல்லை. நீண்ட இரும்புப் பட்டைகளைக் குழாயாக அடுக்கி, அவற்றின் மேல் வளையங்களைச் சூடாக ஏற்றி, அடித்து அடித்துப் பற்றவைத்தது. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். உலைக்களப் பற்றவைப்பில் இரும்பு உருகுவதில்லை. வெள்ளைச் சூட்டில் மெழுகுபோல் இளகிய இரண்டு பரப்புகளைச் சம்மட்டியால் அடிக்கும்போது நடுவில் உள்ள ஆக்சைடும் கசடும் பிதுங்கி வெளியேறி, இரும்பு இரும்பைத் தொடுகிறது. சுத்தமான இரும்பு சுத்தமான இரும்பைத் தொட்டால் சேரும், நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. அந்தக் கொல்லர்களின் விதியும் நம்முடைய விதியும் ஒன்றே. 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து காரைக்காலைப் பெறுவதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நம் கைவினைஞர்களுக்கு இது தெரிந்திருந்தது. வாய்ப்பு கிடைக்கும்போது அந்தப் பீரங்கியின் வளையங்கள் சேரும் இடங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள்.

உடம்புக்கு வரும் ஆபத்துகளிலும் ஈரமே முதல் எதிரி. ஆர்க் எரியாதபோது ராடு முனையில் 60 முதல் 80 வோல்ட் வரை காத்திருக்கும். உலர்ந்த தோலுக்கு அது பெரிதில்லை. வியர்வையில் நனைந்த தோலின் மின்தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிட்டால் 80 மில்லிஆம்பியர் வரை உடலில் ஓடலாம். தசை இறுகிப் பிடித்த கை விடாது. காரைக்கால் வெயிலில் கையுறை பத்து நிமிடத்தில் நனைந்துவிடும். இரண்டு ஜோடி வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிக் காய வையுங்கள். ஈர மணலில் நின்றோ, செருப்பில்லாமலோ வேலை செய்யாதீர்கள். காலுக்கடியில் உலர்ந்த பலகை, அதன் மேல் ரப்பர் ஷூ. 230 வோல்ட் வரும் பக்கம் இன்னும் கொடியது. ஒட்டுப் போட்ட ஒயர் ஈரத்தரையில் கிடக்கக் கூடாது, சுவிட்ச் போர்டில், மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் இருக்க வேண்டும்.

கண்ணுக்கு வருவோம். முகமூடி இல்லாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையைத் திருப்பிக்கொண்டு டேக் (துண்டுகளைப் பிடித்து நிறுத்தும் சிறு வெல்டு) அடிக்கும் பழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது. மின்வில்லின் புறஊதாக் கதிர் கருவிழியின் மேற்தோலைச் சுடுகிறது. அப்போது ஒன்றும் தெரியாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நடு இரவில், கண்ணில் மணலைக் கொட்டியதுபோல் எரியும். தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கு வைப்பது எல்லாம் புண்ணான கண்ணில் கிருமியைச் சேர்க்கும் வேலை. கண் மருத்துவரிடம் போக வேண்டும். தானே கறுக்கும் முகமூடியில் ஒரு திரவப் படிகத் திரை இருக்கிறது. ஆர்க்கின் ஒளி உணரியில் பட்டதும் ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதியில் அது இருண்டுவிடும். தரமான முகமூடியில் புறஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் வடிகட்டி திரைக்கு முன்னாலேயே நிரந்தரமாக இருக்கும். எனவே பேட்டரி தீர்ந்தாலும் அந்தக் கதிர்கள் உள்ளே வராது, வெளிச்சம் மட்டும் கூசும். நாம் வைக்கும் ஆம்பியருக்கு 10 அல்லது 11-ஆம் எண் இருள் வேண்டும். கூலிங் கிளாஸ் எந்த விதத்திலும் ஈடாகாது. பக்கத்தில் நிற்கும் குழந்தைகளுக்கும் கண் இருக்கிறது. ஒரு தார்ப்பாயையாவது மறைப்பாகக் கட்டுங்கள்.

கடலோரத்தில் எல்லாரும் ஜி.ஐ. பைப் வாங்குவார்கள், துரு தாமதமாகப் பிடிக்கும் என்பதால். அதன் மேலுள்ள துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும். இரும்பு உருகுவதற்கு வெகு முன்பே வெண்புகையாக எழும். அதை மூச்சில் இழுத்தால் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் உடம்புவலியும் வரும். ஓரிரு நாளில் அடங்கும் என்பதால் பலர் சளிக்காய்ச்சல் என்று நினைத்துவிடுகிறார்கள். வெல்டு வைக்கும் இடத்தில் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்று புகையைப் பக்கவாட்டில் தள்ளும்படி நில்லுங்கள். எல்லா வெல்டிங் புகையையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2017-இல் சேர்த்திருக்கிறது. மீனவக் கிராமத்துக்கென்று இன்னொரு எச்சரிக்கை: காலி டீசல் பீப்பாயில், கழுவியதாக இருந்தாலும், ராடை வைக்காதீர்கள். அடியில் ஒட்டியிருக்கும் கொஞ்சம் டீசல் சூட்டில் ஆவியானால் பீப்பாயே வெடிக்கும். ஃபைபர் படகு, நைலான் வலை, தெர்மாகோல் பக்கத்திலும் வேண்டாம்.

வெல்டு வைத்து முடித்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. கடலோரத்தில் அதற்குப் பிறகுதான் பாதி வேலை. கசடைத் தட்டாமல் விட்டால் அதன் மேல் அடித்த பெயிண்ட் உரிந்து வரும், உள்ளே உப்புநீர் தங்கும். தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் துடைத்து, உலர்ந்த கையோடு அன்றே துத்தநாகம் மிகுந்த பிரைமர் அடிக்க வேண்டும். இரவு முழுக்கத் திறந்து கிடந்தால் காலையில் உப்பு ஏறியிருக்கும், மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே மூச்சில் நீளமாக வெல்டு வைத்தால் இரும்பு கோணும். எஃகு, 100 டிகிரி சூடேறினால் மீட்டருக்கு 1.2 மில்லிமீட்டர் நீளும். உருகிய பகுதி ஆறிச் சுருங்கும்போது பக்கத்து இரும்பையும் இழுத்துக்கொள்ளும். அதனால் விட்டுவிட்டு வைக்கச் சொல்லித்தருவார்கள். உள்நாட்டில் அது போதும். கருக்களாச்சேரியில் விட்ட இடைவெளிகள் எல்லாம் உப்புநீர் தங்கும் சந்துகள். அங்கேதான் அடுத்த வருடம் துரு கசியும். இங்கே கோணாமலும் இருக்க வேண்டும், இடைவெளியும் கூடாது. இரண்டு முனையிலும் நடுவிலும் டேக் அடித்துக்கொண்டு, எதிரெதிர்ப் பக்கங்களில் சிறு சிறு துண்டாக மாற்றி மாற்றி வைத்து, ஆறவிட்டு, கடைசியில் எல்லா இடைவெளியையும் மூடிவிடுங்கள். பைப்பின் திறந்த வாயையும் தகடு வைத்து அடையுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் பலன் பல ஆண்டுக்கு நிற்கும்.

முறையாகக் கற்க விரும்பும் இளைஞர்களுக்கு ஐ.டி.ஐ.களில் ஓராண்டு வெல்டர் பயிற்சி இருக்கிறது. அதற்கும் மேலே போக நினைப்பவர்களுக்குத் திருச்சி பெல் வளாகத்தில் 1975-இல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அனல்மின் நிலையக் கொதிகலன் குழாய்களை வெல்டு செய்யும் கைகள் உருவாகும் ஊர் திருச்சி. வீட்டுக்காகக் கற்கிறவருக்கு அந்த அளவு வேண்டியதில்லை. ஆனால் அங்கே செய்யும் சோதனை ஒன்றை நாமும் செய்யலாம். இரண்டு பட்டாத் துண்டுகளை ‘ட’ வடிவில் ஒரு பக்கம் மட்டும் வெல்டு வைத்து, வைஸில் இறுக்கி, வெல்டு விரியும்படி சுத்தியால் அடித்து மடக்கி உடையுங்கள். உடைந்த பரப்பில் ஊசித் துளை, கறுத்த கசடு, பிடிக்காத வழவழப்பான ஓரம் மூன்றில் எது தெரிந்தாலும் எங்கே தவறு என்று அதுவே சொல்லிவிடும். உடையாமல் வளைந்தால் இன்னும் நல்லது.

ஏணி, ஊஞ்சல் கொக்கி, மொட்டைமாடிக் கைப்பிடி, படகைத் தாங்கும் ஸ்டாண்ட் என்று ஓர் உயிர் தொங்கும் வேலை எதையும், அனுபவமுள்ள ஒருவர் உங்கள் மாதிரித் துண்டுகளை உடைத்துப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை தொடாதீர்கள். பூந்தொட்டி ஸ்டாண்ட், செருப்பு ரேக், கோழிக்கூண்டு செய்யுங்கள். மெஷினுக்குப் பணம் ஒதுக்கும்போது, நல்ல முகமூடி, இரண்டு ஜோடி தோல் கையுறை, ஓர் ஆர்.சி.சி.பி., கிரைண்டர், கிரைண்டருக்கான கண்ணாடி ஆகியவற்றுக்கு முதலில் எடுத்து வையுங்கள். மிஞ்சும் பணத்தில் எந்த மெஷின் வருகிறதோ அதை வாங்குங்கள்.